ஃபேனை முதலில் நிறுத்து

மன்னார்குடி

அன்புள்ள சரவணனுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். டியூப்லைட் மேல் உட்கார்ந்திருப்பது தேன்சிட்டுதான். முதுகு அரக்கு நிறம், வயிறு மஞ்சள், அதனால் ஆண்.

இனி குருவி உள்ளே வந்தால் முதலில் ஃபேனை நிறுத்து. மற்றதெல்லாம் அப்புறம். பாட்டி அறையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும், அம்மா இன்றைக்கும் அந்த ஃபேனைப் போட விடுவதில்லை. பயந்த பறவை மேலேதான் போகும். கூரையை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கும், கீழே ஜன்னல் திறந்திருப்பது அதன் கண்ணில் படாது. துண்டை வீசி விரட்டாதே. ஒரு ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு மற்றவற்றில் திரையை இழுத்து மூடு. லைட்டை அணைத்துவிட்டு நீ வெளியே வந்துவிடு. ஒரே பக்கம் வெளிச்சம் இருந்தால் அதுவே வழி கண்டுபிடித்துப் போய்விடும்.

கண்ணாடியில் மோதி விழுந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வை. வாயில் தண்ணீர் ஊற்றாதே, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். திருத்துறைப்பூண்டி சித்தி பாவம் பார்த்து ஊற்றித்தான் அன்றைக்கு அப்படி ஆயிற்று.

தினமும் பத்து மணிக்கு வருகிறது, மறுபடி பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு வந்து கண்ணாடியைக் கொத்துகிறது என்று எழுதியிருந்தாய். கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தை வேறொரு ஆண் குருவி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. கூடு கட்டுகிற காலத்தில் அப்படித்தான். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பேப்பர் ஒட்டு. உள்ளே ஒட்டிப் பயனில்லை. பால்கனியில் துணி காயப்போடும் கம்பியைப் பார், சிலந்தி நூலும் சருகுமாகக் குப்பை தொங்குவது போல இருந்தால் அதுதான் கூடு. முட்டை பொரிக்கவே இரண்டு வாரம் ஆகும். குஞ்சு பறக்கும்வரை கம்பியை அசைக்காதே, மாடிக்காரர் சொன்னாலும் அவிழ்க்காதே.

சின்ன வயதிலேயே உனக்கு இந்தக் கண் உண்டு. கொல்லையில் தையல்சிட்டு இலையைத் தைத்திருப்பதை எனக்கே நீதான் காட்டினாய். ஒரு குருவி எந்நேரம் வருகிறது என்று பொறுமையாகப் பார்க்கிற பிள்ளையை எத்தனை பேர் பெற்றிருக்கிறார்கள்? அதே பிள்ளை பொங்கலுக்கு வரவில்லை, அத்தைக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. அவள் என்னிடம் கேட்டாள். நான் உனக்கு வேலை அதிகம் என்றேன்.

முன்பெல்லாம் பகலில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறாய், ஆனால் பேச்சு ஓடமாட்டேன் என்கிறது. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறாய். சரி.

பகலில் வீட்டில் ஆள் இருந்ததால்தான் அந்தக் குருவி பிழைத்தது. ஆளில்லாத வீட்டில் மாட்டியிருந்தால் அது சாயங்காலம் வரை தாங்காது, தேன் குடிக்கிற சிறு உயிருக்கு அடிக்கடி இரை வேண்டும். அதனால் நீ வீட்டில் இருந்தது நல்லதுதான். ஏன் இருந்தாய் என்று நான் கேட்கவில்லை.

பொன்னி அரிசி ஒரு மூட்டை லாரி ஆபீஸில் போட்டிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் சொல். இந்த மாத வாடகையையும் அனுப்பட்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். மேல் கடையை இன்னும் யாருக்கும் விடவில்லை. விடும் அவசரமும் எனக்கு இல்லை.

ஃபேன் விஷயத்தை மறக்காதே. தூங்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வலை போட்டு வை.

மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இங்கே இருக்கலாம். டிக்கெட் நான் போடுகிறேன். சனி, ஞாயிறு பார்த்துத்தான் வரவேண்டும் என்றில்லை, எந்தக் கிழமையானாலும் வா.

அன்புடன்,
அப்பா