செயலாளரின் ஆண்டறிக்கை 2024/25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

கொழும்பு கொம்பனித்தெருவில் இருக்கும் எங்களுக்கு அண்ணாந்து பார்ப்பது பழகிவிட்டது. பேர வாவிக் கரையில் ஆல்டேர் அடுக்குமாடி வீடுகள், 68 மாடி, 240 மீட்டர். ஒரு கோபுரம் மற்றதில் சாய்ந்து நிற்கும். சிங்கப்பூர் மெரினா பே சாண்ட்ஸை வடிவமைத்த மோஷே சஃப்டியின் வேலை. இன்னொரு பக்கம் சினமன் லைஃப். ஒரே வளவுக்குள் ஹோட்டல், வீடுகள், அலுவலகம், கடைத்தொகுதி எல்லாம்.

இந்த வருடம் எங்கள் ஒழுங்கை முனையிலேயே ஒரு மாடிக் கட்டட வேலை ஆரம்பித்தது. கீழே கடைகள், நடுவில் அலுவலகம், மேலே வீடுகள் என்று பலகை சொல்கிறது. நிர்வாக சபை கூடிய ஒன்பது தடவையில் ஏழு தடவை இதே பேச்சுத்தான். விளையாட்டுப் போட்டி ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மாடி கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இது வாவியோர நிலம், தோண்டினால் தண்ணீர். நிலத்தடி வாகனத் தரிப்பிடத்துக்குக் கிடங்கு வெட்டினால் இரவு பகலாகத் தண்ணீர் இறைக்க வேண்டும். இறைக்க இறைக்கப் பக்கத்து மண்ணும் இறங்கும். அவர்களுடைய கட்டடம் பாறை வரை இறக்கிய பைல்களில், அதாவது நிலத்தடிக் கொங்கிரீட் தூண்களில், நிற்கும். எங்கள் வீடுகளுக்கு இருப்பது பாட்டன் காலத்து அத்திவாரம்.

முதலில் சுவர் வெடித்த வீட்டுக்கு வந்த அவர்களுடைய பொறியியலாளர், “இது பழைய வெடிப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுக்க எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. வேலை தொடங்குமுன்பே சுவர்களைப் படம் எடுத்து வைக்காதது எங்கள் பிழை. செயலாளர் என்ற முறையில் என் பிழையும்தான். அப்புறம்தான் 31 வீடுகளைப் படம் எடுத்தோம். வெடிப்புகளுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை இரு முனையும் ஒட்டித் திகதி எழுதினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மூன்றாம் வீட்டுக் குசினியில் பதினோராம் நாள் உடைந்தது. அந்த வீட்டு அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ‘டக்’ என்று கேட்டதாம்.

அந்தத் துண்டைப் பத்திரிகையில் சுற்றிக் கட்டடக்காரர்களுடனான கலந்துரையாடலுக்குக் கொண்டுபோனோம். பழைய வெடிப்பு என்ற பேச்சு அத்தோடு நின்றது. மூன்று வீடுகளைத் திருத்தித் தருவதாக எழுத்தில் தந்திருக்கிறார்கள். இன்னும் மேசன் வரவில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு கொங்கிரீட் லொறி வராது என்றார்கள், சனிக்கிழமைகளில் வருகிறது.

மற்றபடி, வேல் விழாவுக்குத் தாகசாந்தி வழமைபோல நடந்தது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

கண்ணாடித் துண்டுகள் இன்னும் பன்னிரண்டு என்னிடம் இருக்கின்றன. வேண்டியவர்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம்.

நன்றி.
செயலாளர்