கடலில் இன்னும் குளிக்கவில்லை

டார்வின்
ஆடி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீ, மச்சான், அம்மா, உன் மகன் என் குட்டி மாப்பிள்ளை எல்லாரும் நலமா? உன் கடிதம் வைகாசியிலேயே வந்து, இந்த வீட்டு ஃபிரிட்ஜ் மேல் கரண்ட் பில்லோடு பில்லாகக் கிடந்திருக்கிறது. நான் கப்பலை விட்டு இறங்கி அதைப் பிரித்தபோது ஆனி பிறந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒன்றரை மாதம் பதில் போடாமல் இருந்தது என் தப்புத்தான். போனில் பேசியபோதெல்லாம் "லெட்டர் வந்துச்சா" என்று நீ ஒருதரம்கூடக் கேட்கவில்லை பார், அதுதான் உறுத்துகிறது. நாலு வார்த்தை வைதிருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி உசக்கப் படி.

போன தடவை அம்மா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "மூணு வருசமாக் கடல் மேலயே கெடக்கியே, ஒரு முழுக்காவது போட்டியாடா?" என்று கேட்டது, அதற்குள் லைன் போய்விட்டது. இல்லம்மா. கால்கூட நனைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தால் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி வளையல் மாதிரி மின்னுகிறது. ஆனால் உள்ளே முதலை. நம்ம சாத்தனூர் அணைப் பண்ணையில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்ததே, அந்த மாதிரிச் சோம்பேறி இல்லை. இது உப்புத்தண்ணீர் முதலை, பதினைந்து பதினாறு அடிக்கு வளரும், ஆற்றிலும் இருக்கும், கடலிலும் நீந்தும். ஐம்பது வருசத்துக்கு மேலாக அதைச் சுடத் தடை இருக்கிறது, அதனால் நன்றாகப் பெருகிவிட்டது. ஏழுகடல் தெருவில் எவர்சில்வர் கடை வாசலில் நம்மை நிறுத்தி அம்மா ஒரு கதை சொல்லுமே, காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாள் என்று சொக்கர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்த கதை. அந்த ஏழில் இந்தக் கடல் சேரவில்லை போலிருக்கிறது. சேர்ந்திருந்தால் மாமியார் கரையேறியிருக்க மாட்டார்.

கப்பல் என்றதும் நீங்கள் தூத்துக்குடியில் பார்த்ததை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவ்வளவு பெரிசில்லை, நூறு விருந்தாளிக்கு உட்பட்டது. பெரிய கப்பல் நுழைய முடியாத சந்துபொந்தெல்லாம் நுழையத்தான் இந்தச் சின்னக் கப்பல். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் கிம்பர்லி என்று ஒரு கடற்கரை. புரூம் என்ற ஊரில் ஏற்றிக்கொண்டு பத்து நாள் கழித்து டார்வினில் இறக்கிவிடுவோம், அடுத்த தடவை இங்கிருந்து அங்கே. நடுவில் கப்பலிலிருந்து பார்த்தால் ஊரும் தெரியாது, ரோடும் தெரியாது. செங்கல் சூளையில் வெந்து எடுத்த மாதிரிச் சிவந்த பாறை, அதற்குக் கீழே தண்ணீர், அவ்வளவுதான். போன் கிடைக்காததற்கும் அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. போதாததற்கு கடிகாரம் வேறு. புரூம் நம்ம நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடும், டார்வின் நாலு மணி முன்னால். எனக்கே எந்த ஊர் மணியில் இருக்கிறேன் என்று பாதி நாள் தெரியாது.

வருகிறவர்கள் முக்கால்வாசி ரிட்டையர் ஆனவர்கள். ஒருத்தருக்கு டிக்கெட் பத்தாயிரம் டாலருக்குக் குறையாது, நம்ம பணத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். அதைக் கட்டிவிட்டு வெள்ளென ஐந்து மணிக்கு எழுந்து, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சோடியாக் என்கிற ரப்பர் படகில் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்து இறங்கி முதலை பார்க்கப் போகிறார்கள். திரும்பி வந்தால் வாசலிலேயே குளிர்ந்த துண்டு கொடுக்க ஓர் ஆள் நிற்பான், பழரசம் கொடுக்க இன்னொருத்தன். அப்பத்தா இருந்திருந்தால், "காசக் கொடுத்துக் கஷ்டத்த வாங்குதுக" என்றிருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி, முட்டியில் ஆபரேஷன் பண்ணின கால், பாறையில் ஏறி ஓவியம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். எனக்கு அம்மாவின் முட்டி ஞாபகம் வந்தது. தைலம் தேய்க்கிறதா?

எங்கள் கிச்சனில் மெனுவுக்குப் பக்கத்தில் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வடிகிற நேரக்கணக்கு, ஒட்டியிருக்கும். இந்தக் கடலில் தண்ணீர் ஏறி இறங்குவது வேறு எங்கேயும் நீ பார்க்காத கணக்கு. சில நாள் 11 மீட்டர்கூட ஏறும், அதாவது மூன்று மாடி. ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் வடியும். எந்த இடத்தை எப்போது பார்க்கலாம் என்பதை அதுதான் சொல்லும். அதனால் காலைச் சாப்பாடு ஒரு நாள் ஐந்துக்கு, ஒரு நாள் எட்டுக்கு. தலைமைச் சமையல்காரர் சொல்வதைவிட அந்த அட்டைக்குத்தான் நாங்கள் பயப்படுகிறோம்.

டால்பட் விரிகுடா என்ற இடத்தில் அருவி மேலிருந்து கீழே விழாது, படுத்த வாக்கில் ஓடும். மலைவரிசை இரண்டு, ஒவ்வொன்றிலும் வாசல் மாதிரி ஒரு பிளவு. ஓதம் ஏறுகிற வேகத்துக்கு அந்த வாசல் பத்தாது. சித்திரைத் தேர் மாசி வீதி முக்குத் திரும்பும்போது ஜனம் நெருக்கித் தள்ளுமே, அந்த மாதிரி ஒருபக்கம் தண்ணீர் குவிந்து, மறுபக்கம் நாலு மீட்டர் வரைக்கும் தாழ்ந்து நிற்கும். நடுவில் ஒரே சீறல். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எதிர்ப்பக்கமாக ஓடும். நான் இதைப் பார்த்தது பாத்திரம் கழுவுகிற இடத்து வட்ட ஜன்னல் வழியாக, தூரத்தில் வெள்ளையாக. மிச்சமெல்லாம் படகு ஓட்டுகிற பையன்கள் போனில் காட்டியது.

பாறை ஓவியம் என்றேனே, அது வாஞ்சினா. இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான பழங்குடிகள் மழையையும் மேகத்தையும் தருகிறவராகக் கும்பிடுகிற உருவம். பெரிய கண், மூக்கு, தலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி. வாய் மட்டும் கிடையாது. வாய் இருந்தால் மழை நிற்கவே நிற்காதாம். அவர்கள் அனுமதி கொடுத்தால்தான் யாரும் மேலே ஏற முடியும். கருங்காலக்குடி குன்றில் நாம் ஆடு மேய்த்துக்கொண்டு திரிந்தபோது அங்கே பாறையில் வெள்ளை வெள்ளையாக இருந்ததே, அதன் மேல் சாய்ந்துதானே நெல்லிக்காய் தின்றோம். இங்கே கேட்காமல் அதற்குக் கிட்டப் போகக்கூட விடமாட்டார்கள். மாப்பிள்ளையை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டு. சாயவிடாதே.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே பாராமுண்டி என்று ஒரு மீனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். வெண்ணெயில் வாட்டி, எலுமிச்சை பிழிந்து, பெரிய வெள்ளைத் தட்டில் நடுவில் ஒரே ஒரு துண்டு. முதல் நாள் செதில் சுரண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நம்ம கொடுவா. அம்மா புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும் அதே கொடுவாதான். சொன்னால் யாரும் நம்பவில்லை. மிஞ்சின தலைகளை வாங்கி ஒருநாள் ஸ்டாஃப் மெஸ்ஸுக்குக் குழம்பு வைத்தேன். புளி இருந்தது, வெந்தயம் இருந்தது, நல்லெண்ணெய் இல்லை. மிச்சம் வைக்காமல் தின்றார்கள். எனக்குத்தான் அது குழம்பாகத் தெரியவில்லை.

குளிர் உண்டா என்கிறாய். வெளியே நம்ம ஊர் மார்கழி மாதிரிதான். என் குளிரெல்லாம் கீழே காய்கறி வைக்கிற அறையில், நாலு டிகிரியில். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், கவலை வேண்டாம்.

கேபினில் எனக்கு மேல்படுக்கைக்காரர் பிலிப்பைன்ஸ், இஞ்சின் பக்கம் வேலை. அவர் படுக்கை ஓரத்தில் சாமி படம் ஒன்று, அதற்கு மேலே அதைவிடப் பெரிசாக ஒரு சேவல் படம். ஊரில் வளர்க்கிற கட்டுச்சேவல். படுக்கும் முன் சாமியிடம் ஒரு நிமிடம், சேவலிடம் பத்து நிமிடம் பேசுவார். ஒருநாள் சத்தமாக அதட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால், தீனி எடுக்கவில்லை என்று பெண்டாட்டி மெசேஜ் போட்டிருக்கிறாளாம். நான் அலங்காநல்லூர் வாடிவாசல் வீடியோவைக் காட்டினேன். மாட்டைப் பார்க்காமல், "இவ்வளவு பேருக்கும் சாப்பாடு யார் போடுவார்கள்" என்று கேட்டார். நல்ல மனுஷன். அவர் இல்லாவிட்டால் பொழுது போகாது என்று எழுத வந்தேன். அதற்காக இங்கே பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. வேலையே பதினோரு மணி நேரம் இருக்கிறது.

போன பயணத்தில் படகில் ஓர் இடம் காலியாக இருந்தது, போய்வா என்று என்னை அனுப்பினார்கள். மாண்ட்கோமரி திட்டு. பவளப்பாறை, மதுரை மாநகராட்சி இரண்டு அடங்குகிற அளவுக்குப் பெரிசு. ஓதம் நிறைந்திருக்கும்போது அங்கே வெறும் கடல்தான். வடிய ஆரம்பித்ததும் பாறை மெதுவாக மேலே எழும்புகிற மாதிரி இருக்கும். எழும்புவது பாறை இல்லை, தாழ்வது தண்ணீர். திட்டு மேல் தங்கின தண்ணீரெல்லாம் விளிம்பு நெடுகிலும் வாய்க்கால் வாய்க்காலாகப் பாய்ந்து விழுந்தது. ஆமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. கொக்கு நின்று மீன் பொறுக்கியது. எல்லாரும் கேமராவைத் தூக்கினார்கள். எனக்குச் சத்தம்தான் காதில் விழுந்தது. அக்கா, அது நம்ம கண்மாய் மடை திறக்கிற சத்தம். அதே சத்தம். பெரியாற்றுத் தண்ணி வந்துவிட்டது என்று ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போகும், நான் பேட்டரி லைட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், நமக்கு ஒருபோகம், அதற்கும் முறை வைத்துக் காவல் இருந்து, வரப்பில் சண்டை போட்டு. இங்கே தினம் இரண்டு தரம் மூன்று மாடித் தண்ணீர் வந்து, யாருக்கும் பாயாமல் திரும்பிப் போகிறது. படகுக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து என்ன என்றாள். உப்புத்தண்ணீர் தெறித்துவிட்டது என்றேன்.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன். இவ்வளவு நேரம் முதலையும் மீனும் எழுதியது எதற்கென்று உனக்குத் தெரிந்திருக்கும்.

ஆவணி 20, மாப்பிள்ளை காதுகுத்துக்கு என்னால் வர முடியாது. சீசன் செப்டம்பர் கடைசி வரைக்கும். நடுவில் இறங்கினால் அடுத்த வருசம் கூப்பிட மாட்டார்கள். டிக்கெட்டும் இந்த நேரத்தில் கொள்ளை விலை, அது கிடக்கட்டும். நீ அனுப்பின பத்திரிகை நகலில் "தாய்மாமன் மடியில்" என்று போட்டு என் பெயர் இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம். பெயர் பத்திரிகையில் இருக்கட்டும். மடிக்குப் பெரியப்பா மகன் அண்ணனை உட்காரச் சொல்.

அம்மா முகத்தைத் திருப்பும், தெரியும். அந்த வீட்டார் நம்ம வயல் வரப்பைத் தள்ளிப்போட்டதை அம்மா மறக்காது. ஆனால் அப்பா காரியத்துக்கு நான் வந்து சேர்வதற்கு முன்னால் கொள்ளிக்குடம் தூக்கினது யார்? அதற்கு மேல் இதில் நான் ஒன்றும் எழுதவில்லை. மச்சானை அனுப்பாதே, நீயும் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு நேரில் போய்க் கூப்பிடுங்கள். அண்ணிக்குப் புடவை எடுக்க மறக்காதே.

சீருக்கு ஒரு பவுன் என்று சொல்லியிருந்தேன். இப்போது விற்கிற விலைக்குக் காதுக்கு நல்ல கடுக்கனாக எடுத்தாலே போதும் என்று தோன்றுகிறது. மிச்சத்தைத் தை மாதம் சேர்த்துச் செய்துவிடலாம், ஊர் என்ன சொல்லப்போகிறது. சொஸைட்டி பாங்கில் இருக்கிற அம்மா சங்கிலிக்கு வட்டி மட்டும் இந்தத் தடவை கட்டிவிடு, திருப்ப அவசரமில்லை. இங்கே ஒரு குறையும் இல்லை, மழைக்காலத்துக்குக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

மகாளய அமாவாசைக்கு அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போ. புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுகிறதே, கார் பிடிக்க வேண்டாம், ரயிலிலேயே போங்கள், ஜன்னல் ஓரம் உட்கார வை. அக்னி தீர்த்தத்தில் என் பங்குக்கும் ஒரு முழுக்குப் போடச் சொல்.

தெற்குச்செய் குத்தகையை மறுபடியும் அதே ஆளுக்கு விடாதே, போன வருசம் வைக்கோலைக்கூடக் கொடுக்கவில்லை. மொய் நோட்டு அப்பா பெட்டியில் பச்சை அட்டை போட்டது. அதைப் பார்த்து யாருக்குத் திருப்ப வேண்டும் என்று இப்போதே குறித்து வை. கருப்பசாமி கோயிலுக்குக் கிடாய் பிடிக்கப் போகும்போது மச்சானைப் பேச விடாதே, அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அண்ணனை முன்னால் விடு. கொம்பு முளைத்த கருங்கிடாய், ஊனம் இல்லாததாகப் பார்க்கச் சொல். காது குத்தும்போது மாப்பிள்ளை அழுதால் போனை அணைத்துவிடாதே. அன்றைக்குக் கப்பல் புரூமில் நிற்கும், டவர் இருக்கும்.

இப்படிக்கு,
உன் தம்பி