பீடி பழக்கமுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை கோரி மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர் மற்றும் உறுப்பினர்கள், அஞ்செட்டி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், கிருஷ்ணகிரி.

பொருள்: மலைக் கிராமப் பெண்களுக்கு ஊரிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் ராகிக் கதிர் முற்றினால் யானை இறங்கும். ஆண்கள் ஓசூருக்கு வேலைக்குப் போய்விடுவதால், பல வீடுகளில் பெண்கள்தான் இரவுக் காவல் இருக்கிறோம். அந்தக் குளிரில் பீடி பழகியவர்கள் உண்டு. என் பெரியம்மாவும் அப்படித்தான் பழகினார். சுருக்குப் பையில் வெற்றிலைக்கு அடியில் பீடிக் கட்டை ஒளித்து வைத்திருப்பார். தீட்டு நின்று பல வருடம் கழித்து மறுபடி பட்டபோது, சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். மருத்துவமனைக்குப் போவதற்குள் கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிவிட்டது. "பீடி பிடிப்பீங்களா?" என்று அங்கேதான் முதன்முதலாக அவரிடம் ஒருவர் கேட்டார்.

இந்தப் புற்றுநோய்க்கு மூலம் எச்.பி.வி. வைரஸ். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தொற்று ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். புகை பிடித்தால் அது போவது கடினமாகிறது. நிகோடின் நுரையீரலோடு நிற்காமல் இரத்தம் வழியாகக் கருப்பை வாய்ச் சளி வரை போகிறது. அங்கே வைரஸைத் தடுக்கும் எதிர்ப்புச் செல்கள் குறைந்து, வைரஸ் தங்கிவிடுகிறது. புகையில் உள்ள நஞ்சு செல்லின் மரபணுவையும் கெடுக்கிறது. கொல்லையில் காவலும் இல்லை, வேலியும் அறுந்தது என்றால் என்ன ஆகுமோ அதுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள் பி.பி., சுகர் பார்க்கும்போதே பீடி, புகையிலைப் பழக்கம் பற்றிப் பெண்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஆண்கள் எதிரில் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திட்டினால் அடுத்த முறை கதவே திறக்காது. பழக்கம் உள்ளவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாவது பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை சில நிமிட வேலைதான். ஆனால் அதற்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்துப் போக வேண்டியிருக்கிறது. அதனால் பெண் செவிலியரோடு மலைக் கிராமங்களிலேயே முகாம் நடத்த வேண்டுகிறோம்.

அப்புறம், இந்த எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசி போடும்போது பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராகி அறுப்பு முடிந்து தை மாதம் முகாம் வைத்தால் எல்லோரும் வர முடியும். வீடு வீடாகச் சொல்லி அழைத்து வருவது எங்கள் குழுவின் பொறுப்பு.

இப்படிக்கு,
குழு ஊக்குநர் மற்றும் உறுப்பினர்கள்