ஆறாவது பாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்க்கச் சொன்னால் கேட்பதில்லை. நீ ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் இருக்கின்றன. ரெண்டு பேருக்கு ஆகும்படிதான் கட்டியிருக்கிறேன்.

வெள்ளை அடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். உன் பெட்டி கீழே வந்தது. அதில் ஒரு சிடி. மேலே கறுப்பு மார்க்கரில் ‘தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, 1971’ என்று எழுதியிருந்தது. உன் எழுத்து இல்லை. யார் எழுத்து என்று உனக்குத் தெரியும்.

பேரைக் கேட்டதும் பெருமாள் பாட்டு என்று நினைத்து அப்பாதான் போடச் சொன்னார். நம் பழைய டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது, கதவை மட்டும் கையால் தள்ள வேண்டும். முதல் பாட்டு ஒரு நிமிஷம் ஓடியிருக்காது, “கரண்டுக் கம்பி அறுந்து விழுந்த மாதிரி இருக்கு” என்று துண்டை உதறிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் புளி, எழுந்து நிறுத்த முடியவில்லை. அதனால் முழுசும் கேட்டேன். எட்டுப் பாட்டு, முக்கால் மணி நேரம். பாட்டு என்று நான்தான் சொல்கிறேன், பாடுகிறவர் ஒருத்தரும் கிடையாது. கிடார், வயலின், பியானோ, பேஸ், டிரம்ஸ்.

அன்றைக்குத் தலைவலிதான் மிச்சம். மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் ஐந்தாவது பாட்டில் என் கை தானாகத் தொடையில் விழ ஆரம்பித்தது. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. வெள்ளைக்காரன் கிடாரில் ஒன்பது! நான் இதே ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை, சங்கீர்ண சாபுவை, சொல்லிக்கொடுத்தபோது மொத்த வகுப்பில் ரெண்டு பிள்ளைகளுக்குத்தான் கை நின்றது. கிடார் வாசிக்கிற குழுத் தலைவர், இந்த மெக்லாஃப்லின், சும்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை.

ஆறாவது இன்னும் கஷ்டம். ஆரம்பத்தில் கிடார் படி இறங்குகிற மாதிரி, ஒரு மாதிரி பயமாக வரும். அது பத்து. அப்புறம் திடீரென்று தெருவில் ஒருத்தன் தோளை ஆட்டிக்கொண்டு போகிற நடையாக மாறிவிடும். எங்கே தட்டினாலும் தவறியது. கடைசியில் புளியங்கொட்டையைத் தரையில் பத்துப் பத்தாக வரிசை வைத்து, அது ஓட ஓட நகர்த்திப் பார்த்தேன். இருபது. முடிவில் அந்தப் பத்தும் இந்த இருபதும் ஒன்றின் மேல் ஒன்று ஓடுகிறது. ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை சரியாக வந்து சேர்கிறது. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதை நீ பதினேழு வயதில் மாடியில் வாசித்தாய். பாட்டு டீச்சருக்கு மூன்று நாளும் ஒரு கிலோ புளியும் ஆனது, நீ பிளஸ் டூ பாடத்துக்கு நடுவில் வாசித்தாய். ஒரு நாளாவது “அம்மா, இதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேள்” என்று கூப்பிட்டாயா? கூப்பிட்டிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

எதிர்வீட்டுப் பையன் போனில் தேடி வாசித்துக் காட்டினான். பேஸ் வாசித்த ரிக் லெயர்ட் உங்கள் டப்ளினில் பிறந்தவராம், உனக்குத் தெரியுமா? நாலாவது பாட்டின் பேரே ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’. டிரம்ஸ் இல்லாமல் வயலினும் பியானோவும் கிடாரும் மட்டும் வரும். அப்பா அதற்கு மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தார். மெக்லாஃப்லின் அமெரிக்காவில் வீணை கற்றுக்கொண்டது யாரிடம் தெரியுமா? நம் எஸ். ராமநாதனிடம். சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாரே, அவரேதான். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

ஆனால் மற்றதைக் கேட்டபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1973 முடிவதற்குள் ஐந்து பேரும் பிரிந்துவிட்டார்கள். இசை எல்லாம் தலைவர் பேரிலேயே போகிறதே என்று மற்றவர்களுக்குக் கசப்பு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லாமல் ரெண்டு பேர் பத்திரிகைப் பேட்டியில் கொட்டிவிட்டார்கள். அந்த வருஷம் லண்டனில் பதிவு செய்த தட்டு 1999 வரைக்கும் வெளியே வரவே இல்லையாம். இருபத்தாறு வருஷம். இருபது எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் வந்து விழத் தெரிந்தவர்களுக்கு, “எனக்கு இது கஷ்டமா இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உனக்குப் பின்னால் சமையல் அலமாரி தெரிந்தது. நான் வாங்கிக் கொடுத்த இட்லிக் குண்டான் அங்கே இல்லை. பெரிய பாத்திரம், கண்ணுக்குத் தப்பாது. வேறு இடத்தில் வைத்திருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. குளிர் ஜாஸ்தி என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ. ராத்திரி பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு கை அரிசி போட்டால் கஞ்சியாவது ஆகும்.

அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்டேன். குளிக்கிறாள் என்றாய். அதற்கு முந்தின வாரம் தூங்குகிறாள். அதற்கும் முன்னால் அவசரமாக வெளியே போயிருக்கிறாள். அப்பா நம்பிவிட்டார். தம்பி, எனக்கு அந்த வார்த்தைகள் தெரியும். அவற்றை இந்த வீட்டில் முதலில் சொன்னவள் நான்.

நீ பரீட்சை முடித்த லீவில் அந்த வடக்குமாசி வீதிப் பையன் லேண்ட்லைனில் மூன்று தடவை கூப்பிட்டான். முதல் தடவை குளிக்கிறான் என்றேன். நீ கூடத்தில்தான் இருந்தாய். அடுத்த தடவை தூங்குகிறான் என்றேன். மூன்றாவது தடவை, ஏதோ கல்லூரியில் போட்டியாம், உன் பேரையும் கொடுத்துவிட்டானாம், “அவனை மட்டும் வரச் சொல்லுங்கம்மா” என்றான். நான், “உன்கூட இனிமே வாசிக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னான்ப்பா” என்றேன். கவுன்சலிங் முடிகிறவரைக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிங்கம்மா” என்று வைத்தான். நீ அவன் போனுக்காக ரெண்டு மாசம் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். நான் உனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தேன். உன்னை விட்டுவிட்டு வேறு கிடார்க்காரனைப் பிடித்துக்கொண்டான் என்று நீயே முடிவு பண்ணிக்கொண்டாய். அப்படித்தான் போலிருக்கு என்று நானும் சொன்னேன்.

அப்பாவுக்கு இது தெரியாது. போனில் சொன்னால் அவர் பக்கத்தில் இருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாசம் தெப்பக்குளத்தருகே அவனைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தி, “நல்லாயிருக்கீங்களாம்மா?” என்று அவனே கேட்டான். முன் தலை வழுக்கை. சர்ச்சில் வாசிக்கிறானாம். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, வாயில் வரவில்லை. அவன் நம்பரை அவன் அம்மாவிடம் வாங்கி சிடி உறைக்குள் வைத்திருக்கிறேன். உறையின் உள்பக்கத்தைப் பார். ‘ஆறாவது: நீ ஆரம்பி, எண்ணிக்கிட்டே வர்றேன்’ என்று அவன் பென்சிலில் எழுதியது இன்னும் அழியவில்லை. நான் அதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பரணில் ஏற்றினேன்.

என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு. ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. உனக்கு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் முழித்திருப்பேன். அந்தப் பிள்ளையிடம் நான் பேச வேண்டும் என்று சொல். குளிக்கிறாள் என்றால் குளித்துவிட்டு வரட்டும். தூங்குகிறாள் என்றால் எழுந்து வரட்டும். வேறு வீட்டில் இருக்கிறாள் என்றால் அந்த நம்பரைக் கொடு. நான் எவ்வளவு நேரமானாலும் லைனிலேயே இருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா