கம்பு ரொட்டியும் வன்னிக்காயும்

இராமேஸ்வரம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து உன் தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம். போட்டோ அனுப்பச் சொல்கிறாள். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட விசைப்படகுகள் ஜூன் 14 வரை கரையில்தான். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வருகிறது. விலை கேட்டால் வாங்க மனசு வராது. அப்படி ஒரு மத்தியானம், கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு ராஜஸ்தான்காரர் கடையில் போய் உட்கார்ந்தேன். இப்போது அடிக்கடி அங்கேதான்.

சின்னக் கடை, நாலே மேசை. ஜோத்பூர்ப் பக்கத்துக் குடும்பம். பன்னீர் பட்டர் மசாலாவெல்லாம் கிடையாது, வீட்டுச் சமையல்தான். அவர் பரிமாற, மனைவி அடுப்படியில். அந்த அம்மா கம்பு மாவை உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டியே வட்டமாக்குகிறார், குழவிக்கட்டை தொடுவதில்லை. கல்லில் வெந்ததும் நேரே தீயில் வாட்டி, தட்டில் போட்டு, விரலால் அங்கங்கே குழித்து நெய் ஊற்றுகிறார். பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம். கம்மங்கூழ் குடித்து வளர்ந்தவர்கள் நாம். அதே கம்பு இப்படி மணக்கும் என்று யார் நமக்குச் சொன்னார்கள்!

தொட்டுக்கொள்ள கட்டா. கடலை மாவைப் பிசைந்து உருட்டி, வேகவைத்துத் துண்டு போட்டு, தயிர்க் குழம்பில் கொதிக்கவிடுவது. காயே வேண்டாம். அப்புறம் கேர் சாங்ரி. கேர் என்பது பாலைவனத்துப் புதரில் காய்க்கும் சின்னக் காய். சாங்ரி வேறொன்றுமில்லை, நம் வன்னி மரத்துக் காய். பிஞ்சிலேயே பறித்துக் காயவைத்து வருஷம் பூராவும் வைத்துக்கொள்கிறார்கள். ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயில் மிளகாயோடு வதக்கினால் லேசான புளிப்போடு அப்படி ஒரு ருசி. "மழை இல்லாத ஊரில் பச்சைக் காய்க்கு எங்கே போவது, அண்ணே?" என்றார் கடைக்காரர். கண்மாய் வறண்ட வருஷங்களில் அம்மா கொத்தவரங்காய் வற்றலை வைத்தே நாளை ஓட்டியது ஞாபகம் வந்தது. பாலைவனத்துப் பெண்களும் நம் முதுகுளத்தூர்ப் பெண்களும் ஒரே பஞ்சத்தில் சமைக்கக் கற்றவர்கள் மாப்ளே. எனக்கு அந்தச் சாப்பாடு அந்நியமாகப் படவேயில்லை. பூண்டுச் சட்னிக்கு இப்போது நம் முண்டு மிளகாயைத்தான் அரைக்கிறாராம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அல்லவா, நிறமும் காரமும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபின் அவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து ரயில் நேரே தீவுக்குள் வரத் தொடங்கியதும்தான் மூச்சு வந்ததாம். போன வாரம் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தலையோடு ஒரு கூட்டம் வந்தது. ரொட்டி வர நேரமாகவே, ஒரு பாட்டியம்மா எழுந்து அடுப்படிக்குள் போய், அந்த அம்மாவோடு உட்கார்ந்து தானும் தட்ட ஆரம்பித்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே தட்டினார்கள்.

நீ ஜூன் 14-க்கு முன்னால் வா. அதற்கப்புறம் வந்தால் உன் தங்கச்சி நண்டும் இறாலும் ஆக்கி உன்னை வீட்டைவிட்டு நகரவிடமாட்டாள். ஒரு மணிக்குள் போய்விட வேண்டும், தாமதித்தால் சாங்ரி தீர்ந்துவிடும். டிக்கெட் போட்டதும் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்