செயலாளரின் ஆண்டறிக்கை 2023–24: கஞ்சி, அடிபம்பு, கொஞ்சம் உப்புத் தண்ணீர்

தலைவர் அவர்களுக்கும், சனிக்கிழமை சாயங்காலத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அந்த உதவிப் பணம் தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் எந்த மூலைக்குப் போய் என்ன ஆனது என்பது மட்டும் என் பங்கு.

ஆண்டு சேற்றில்தான் தொடங்கியது. 2023 மார்ச்சில் வந்த ஃபிரெடி புயலில் பிளான்டயர் நகரின் சிலோப்வே பக்கம் மலைச்சரிவு வீடுகளை வாரிக்கொண்டு இறங்கியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் காணாமல் போனார்கள். ஏப்ரலில் முலாஞ்சே மலையை ஒட்டிய பலோம்பே மாவட்டத்துக்கு நாம் போனபோது பாலம் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. சாக்குகளைத் தலையில் சுமந்து அக்கரை சேர்த்தது அந்த ஊர்ப் பெண்கள்தான், நாம் கரையில் நின்று பார்த்தோம். போர்வை, சோப்பு, குளோரின், வாளி கொடுத்தோம். 1,700-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன காலரா அப்போதுதான் அடங்கிக்கொண்டிருந்த நேரம், வாளிக்கு மூடி கட்டாயம் வேண்டும். நான் வாங்கியது மூடியில்லாத வாளி. விலை குறைவாக இருக்கிறதே என்று பெருமையாக வாங்கினேன், அப்புறம் மூடிக்காக இன்னொரு நடை.

அடுத்து தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு நாம் ஏமாந்ததும் இதில்தான், உருப்படியாக ஏதாவது செய்ததும் இதில்தான். சிக்வாவா மாவட்டத்தில் ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டோம். ஷிரே ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு என்பது அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும், ஆனால் நீரைச் சோதிக்காமலே பம்பை மாட்டிவிட்டு, துளை போட்டவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இப்போது அந்தத் தண்ணீரில் துணி துவைக்கிறார்கள், குடிக்க மறுபடி பழைய இடத்துக்கே நடக்கிறார்கள். சோதனை முடிவு கையில் வராமல் கடைசித் தவணை கொடுப்பதில்லை என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டாகிவிட்டது. முன்பே போட்டிருக்க வேண்டும்.

அதே பயணத்தில் பக்கத்து ஊர்களில் மூன்று பழைய பம்புகள் சும்மா நிற்பதைப் பார்த்தோம். மூன்றும் ஆஃப்ரிடெவ் என்ற வகை அடிபம்புகள். நம்மூரில் நாம் அடித்து விளையாடிய இந்தியா மார்க் 2 அடிபம்பு பழுதானால் வண்டியும் ஆளும் வந்து குழாயையெல்லாம் மேலே தூக்க வேண்டும். ஆஃப்ரிடெவ் அப்படியில்லை, ஒரு ஸ்பானர் இருந்தால் குழாயை அசைக்காமல் உள்ளே இருக்கும் கம்பியையும் பிஸ்டனையும் மட்டும் உருவி எடுத்துவிடலாம், ஊர்க்காரர்களே செய்யட்டும் என்றே வடிவமைத்தது. மூன்றிலும் போயிருந்தது ரப்பர் சீல். ஒரு புதுத் துளைக்குக் கொடுத்ததில் ஒரு சிறு துண்டுகூட ஆகவில்லை, மூன்று ஊருக்கும் தண்ணீர் வந்துவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பெண்கள் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், உதிரிபாகத்துக்கென்று வீட்டுக்கு வீடு கொஞ்சம் காசும் சேர்க்கிறார்கள். இதில் கல்வெட்டும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. அது சில உறுப்பினர்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன், சரி.

குழந்தைகளுக்கு வருவோம். அநாதை இல்லம் கட்டலாம் என்ற யோசனை இந்த ஆண்டும் வந்தது, நான் இந்த ஆண்டும் எதிர்த்தேன். எய்ட்ஸ் நோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பெரும்பாலும் தெருவில் இல்லை, பாட்டியிடம் இருக்கிறார்கள். கோகோ என்று கூப்பிடும் அந்தக் கிழவிகள் நான்கு ஐந்து பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு துண்டு மக்காச்சோள நிலத்தில் காலம் தள்ளுகிறார்கள். பிள்ளையைப் பாட்டியிடமிருந்து பிரித்துக் கட்டடத்துக்குள் வைப்பதைவிட, பாட்டி வீட்டு அடுப்பு எரியும்படி பார்ப்பது செலவும் குறைவு, பாவமும் குறைவு. ஊர்க்காரர்களே தன்னார்வமாக நடத்தும் குழந்தைகள் மையம் ஒன்றுக்குக் கஞ்சி மாவு கொடுத்தோம். லிக்குனி பாலா என்பார்கள், மக்காச்சோளமும் சோயாவும் வறுத்து அரைத்தது, நம் சத்துமாவுக் கஞ்சியின் தங்கச்சி. முறை வைத்துத் தாய்மார்கள் காய்ச்சுகிறார்கள். 2002 பஞ்சத்தின்போது இதே பிளான்டயரில், சிலோமோனியில், 200 குழந்தைகளோடு மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய வழிதான் இது, நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கஞ்சி இருக்கும் நாளில் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், மாவு தீர்ந்த வாரத்தில் பாதிப் பாய் காலி.

நோட்டு, பென்சில் வழக்கம்போல். 1994 முதல் தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை என்றாலும் நோட்டுக்கும் சீருடைக்கும் காசு வேண்டுமே. ஒரு வேண்டுகோள், கொடுக்கும்போது பிள்ளையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளையை யாராவது அப்படிப் போட்டால் சும்மா இருப்போமா?

மாவு ஏன் தீர்ந்தது என்று பொருளாளரைக் குடையாதீர்கள். நவம்பரில் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பை இறக்கினார்கள், 1,180 சொச்சம் இருந்த டாலர் 1,700 ஆனது. ஜூனில் போட்ட பட்ஜெட் டிசம்பரில் செல்லாக்காசு. போதாததற்குப் பசிபிக் கடல் சூடாகி மழையைக் குழப்பும் எல் நினோ, கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை நின்று பயிர் கருகியது. 2024 மார்ச் 23 அன்று அதிபர் சக்வேரா 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதியாக அறிவித்தார். வழக்கமாக டிசம்பரில் தொடங்கும் பசிக்காலம் இந்த முறை முன்னாலேயே வந்துவிடும்.

அதனால் செயற்குழு முன்வைப்பது இதுதான்: புதுத் துளை எதுவும் வேண்டாம், உதிரிபாகம் போதும். கஞ்சிக்கான மக்காச்சோளத்தை, அறுவடை வந்து விலை இறங்கும் மே மாதத்திலேயே வாங்கிவிட வேண்டும், ஜனவரியில் அதைத் தொட முடியாது. வைக்கத்தான் இடமில்லை. யார் வீட்டிலாவது ஈரமும் எலியும் இல்லாத கராஜ் காலியாக இருந்தால் டீ குடிக்கும்போது என்னிடம் சொல்லுங்கள்.