கோபுரத்துக்கு எதிராக ஒரு மனு

அன்புள்ள வக்கீலே,

எட்டு மாதமாகப் பதில் இல்லை என்று வசைபாடுவதற்கு முன் இதைப் படித்துவிடு. முழங்கால் பரவாயில்லை. இவளுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பேத்தி உன் மீசையை இன்னும் விசாரிக்கிறாள். நலம் விசாரித்தாயிற்று.

நான் நம் நண்பன் கோபுரத்தின் கோழிப்பண்ணைக்கு எதிராக மனு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பொறு, திட்டாதே. ஐப்பசி மழைக்குப் பிறகு இங்கே வரும் ஈ, நீ சென்னையில் பார்க்கும் ஈ அல்ல. துணி காயும் கொடிக்கயிறு அந்தி நேரத்தில் கருத்துத் தடித்துவிடுகிறது. நான் கொசுவலைக்குள் உட்கார்ந்து இட்லி தின்கிறேன். இவள் வலைக்கு அடியில் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறாள், ஜெயில் கைதிக்குக் கொடுப்பதைப்போல. 33 வருடம் அரசு வேலை பார்த்ததற்கு இதுதான் ஓய்வூதியம்.

கோபுரம் சோம்பேறி இல்லை, உனக்கே தெரியும். காய்ந்த எருவில் ஈ பெருகாது என்று எனக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான். கூண்டுக்கு அடியில் குவியும் எச்சம் நனைந்தால்தான் வினை: சாரல் அடிக்கலாம், கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய் ஒழுகலாம். அதில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகி, பத்து நாளுக்குள் ஈயாகப் பறந்துவிடுகிறது. சுண்ணாம்பு தூவுகிறான், ஒழுகும் நிப்பிளை மாற்றுகிறான், தீவனத்தில் மருந்தும் கலக்கிறான். தீபாவளியை ஒட்டி ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று. நாற்பதாயிரம் கோழி அதுவரை சும்மா இருக்குமா?

எங்கள் மனைப்பிரிவில் 23 வீடு. "சார், நீங்கள்தான் அழகாக எழுதுவீர்கள்" என்றார்கள். புகழ்ச்சிக்கு நான் எவ்வளவு மலிவு என்று உனக்குத் தெரியாதா? குடியிருப்பிலிருந்து பண்ணை 500 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதை முதல் பத்தியிலேயே போட்டேன். புதிதாகத் தொடங்கும் பண்ணைக்குத்தான் அது. அவன் கொட்டகை போட்டது 1993. நான் இங்கே கடைக்கால் தோண்டியது 2019. தெரிந்தே அந்தப் பாதி வாக்கியத்தை விட்டுவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கம் வராததற்கு ஈ காரணம் இல்லை.

சட்டக் கல்லூரி நாட்களில் பஸ் நிலையத்து டீக்கடையில் நீ சொன்ன அமெரிக்காவின் அரிசோனா வழக்கு நினைவிருக்கிறதா? நான் மறந்தே போயிருந்தேன், இப்போது தேடிப் படித்தேன். மாட்டுப்பட்டி முதலில் இருந்தது. சன் சிட்டி என்ற முதியோர் நகரை டெல் வெப் நிறுவனம் அதை நோக்கி வளர்த்துக்கொண்டே போயிற்று. நாற்றமும் ஈயும் தாங்காமல் அந்த நிறுவனமே வழக்குப் போட்டது. 1972 தீர்ப்பில் பட்டி இடம் மாறவேண்டும் என்றார்கள். ஆனால் மாறும் செலவை டெல் வெப் ஏற்கவேண்டும் என்றார்கள். வீடு வாங்கிய கிழவர்களையும் பட்டிக்காரனையும் மோதவிடாமல், மனை விற்றவனின் சட்டையைப் பிடித்தார்கள் பார்!

இங்கே மனை விற்றவர் எங்களைச் சித்திரை மாதத்து மத்தியானத்தில், காற்று எதிர்த்திசையில் வீசும்போது அழைத்துவந்து காட்டினார். விளம்பரத்தில் "கிராமியச் சூழல்" என்று கொட்டை எழுத்து. அவருடைய தொலைபேசி எண் இப்போது எடுக்கப்படுவதில்லை. அவர்மேல் ஒரு வரிகூட மனுவில் எழுத எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை, கண்ணுக்கு முன்னால் கொட்டகை இருந்ததால்.

நேற்று ஆய்வுக்கு வந்த அதிகாரி மனுவின் நகலைக் கோபுரத்திடம் காட்டியிருக்கிறார். "சொல்லொணாத் துயரம்" என்று ஒரு சொல் போட்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் விடுதிச் சாம்பாரைப் பற்றி நான் எழுதிய புகாரிலும் அதே சொல். சாயங்காலம் வழக்கம்போல ஒரு அட்டை முட்டை வந்தது, முப்பது. கொண்டுவந்த பையன், "சொல்லொணா முட்டை என்று சொல்லிக் கொடுக்கச் சொன்னார் ஐயா" என்றான்.

நீ பொங்கலுக்கு வா. மனை விற்றவருக்கு அனுப்ப ஒரு நோட்டீஸை எழுதிக்கொண்டு வா, கட்டணம் கேட்காதே. மனுவைத் திருத்தி அந்த மீதிப் பாதி வாக்கியத்தைச் சேர்க்க முடியுமா என்றும் சொல். அட்டை இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. இவள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள், ஆம்லெட் போடவா வேண்டாமா என்று.

அன்புடன்,
சாம்பார்